வற்றிய தொட்டி

"கடையை எடுத்துட்டாங்க தாயி. ஆசையை எடுக்கத்தான் ஆளில்லை."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மடத்து அம்மை நிமிரவில்லை. வண்டிக்காரன் சடையாண்டியைவிட அவள் பத்து வயது இளையவள். இருந்தாலும் ஊரே அவளைத் தாயி என்றுதான் கூப்பிடும்.

"கள்ளுக்கடை போய் ஆறு மாசம் இருக்கும்ல அண்ணே?"

"இருக்கும். ஆனா அந்த வளைவுக்கு வந்தாலே வாய் ஊறுது. ஊறினா வண்டியைத் திருப்பிடுறேன். மூணு கல் தள்ளி இன்னொரு கடை இருக்கே, அங்க போயிடுறேன்."

"ருசியா இருக்கா?"

அவன் யோசித்தான்.

"குடிக்கிறப்ப ஒண்ணும் இல்ல தாயி. போற வழியிலதான் எல்லாம் இருக்கு."

அந்த வளைவைத் தாண்டினால் அவன் மனைவி பேச்சியின் தாய்வீடு. "கள்ளுக்கடையைத் தாண்டி வர முடிஞ்சா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள். அவள் சீப்பு இன்னும் அவன் வீட்டுக் கூரை இடுக்கில் செருகியபடி இருக்கிறது. பல்லில் ஒரு முடி. அதைக்கூட அவன் எடுக்கவில்லை. தினமும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பான், அவ்வளவுதான்.

அம்மை கீரைக்கூடையோடு எழுந்தாள்.

"வண்டியைப் பூட்டுங்க. அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு. மாட்டுக்கு ரெண்டு கட்டி புண்ணாக்கும் எடுத்துக்குங்க."

வளைவு வந்தது. செவலை மாடு யாரைக் கேட்டது? தானாக வலப்பக்கம் திரும்பியது.

கடை இருந்த இடத்தில் இப்போது எருக்கு. கல்தொட்டி ஒன்றுதான் மிச்சம். குடிக்க வருகிறவர்கள் அவசரப்படாமல் உட்காரட்டும் என்று, கடைக்காரன் வண்டி மாடுகளுக்கு அதில் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பான்.

செவலை தொட்டிக்குள் தலையை விட்டது. காய்ந்த கல்லை நக்கியது.

"ஆறு மாசமா ஒண்ணும் இல்லன்னு தெரியாதா, அறிவுகெட்ட மூதி!"

கம்பை ஓங்கினான். அம்மை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யாரைத் திட்டுறீங்க அண்ணே?"

அவன் முகம் சுண்டிப்போனது. கம்பைப் போட்டுவிட்டுப் புண்ணாக்கை எடுத்தான்.

"பாவம், இதையாவது போடுறேன்."

"இங்க வேண்டாம்."

"பின்னே எங்க?"

பாதை போகிற திக்கை அவள் முகவாயால் காட்டினாள்.

"அப்ப கயித்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடவா?"

"வேண்டாம். கூட நில்லுங்க."

நின்றான்.

மாட்டின் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. அவனுக்கும் ஊறியது. விழுங்கினான். மறுபடியும் ஊறியது. மூன்று கல் தள்ளியிருக்கும் கடையின் புளிப்பு வாசம் இங்கேயே மூக்கில் ஏறியது. கால் அந்தப் பக்கம் திரும்பியது. தொட்டியின் விளிம்பை இறுகப் பிடித்தான். கல் வெயிலில் சுட்டது. கையை எடுக்கவில்லை.

அம்மை வண்டியில் உட்கார்ந்து மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தாள்.

கடைசியில் செவலை நீளமாக மூச்சு விட்டது. தலையைத் தூக்கிப் பாதையைப் பார்த்தது.

அம்மை இறங்கிக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் வேலை இருக்குன்னீங்களே தாயி?"

"உங்களுக்குத்தான் அண்ணே."

"நாளைக்கும் இது இங்கதான் திரும்பும்."

"திரும்பும்."

கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மடத்தைப் பார்த்து நடந்தாள்.

பேச்சி முறத்தோடு தாய்வீட்டு வாசலுக்கு வந்தபோது, செவலை அவன் கையிலிருந்து புண்ணாக்கைத் தின்றுகொண்டிருந்தது. அவள் மாட்டைப் பார்த்தாள். சிவந்துபோயிருந்த அவன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"தாண்டியா வந்தீங்க?"

"இல்ல பேச்சி. நின்னுட்டு வந்தேன்."

அவள் உள்ளே போனாள். தண்ணீரோடு வந்தாள்.

மாட்டுக்குத்தான் முதலில் வைத்தாள்.