சுவிட்சுப் பெட்டியில் ஒரு போன் நம்பர்

மாசிலாமணிக்கு வயது அறுபத்து மூன்று. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரு அமுதவல்லி அம்மாவுக்கு நாற்பத்தொன்றுதான். வேலாங்காட்டுத் தெருமுனையில் சின்னதாக ஒரு மடம் நடத்திவந்தார். ஞானத்துக்கு வயது வரம்பு இல்லை என்பதால் தெருவில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் மாசிலாமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"சேலத்துல பேத்தி பொறந்து மூணு மாசம் ஆச்சுங்கம்மா. இன்னும் போய்ப் பாக்கலைங்க."

"போக வேண்டியதுதானே?"

"நான் போனா இந்தத் தெருவை யாருங்க பாக்கறது? பகல்லயும் தெருவிளக்கு எரியும். மோட்டாரை நிறுத்த ஆள் இருக்காது, தொட்டி வழிஞ்சு ஓடும். கரண்டு போனாலும் சரி, தண்ணி போனாலும் சரி, இங்க ஒருத்தருக்கும் அக்கறை கிடையாதுங்க."

அப்போது அவர் போன் அடித்தது. இட்லிக்கடை பாப்பாத்தி.

"ஐயா, விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, லைட்டு எரியுதுங்க."

"நீ எங்க நிக்கற அம்மிணி?"

"சுவிட்சுக்குக் கீழதானுங்க."

மாசிலாமணி ஓடிப்போய் விளக்கை அணைத்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன். அந்தச் சுவிட்சுப் பெட்டி மேல செவப்புல என்னமோ எழுதியிருக்கே?"

"என் போன் நம்பருங்க. எதுவானாலும் என்னைக் கூப்பிடுங்கன்னு நான்தான் எழுதி வச்சேன்."

சொல்லும்போது குரலில் பெருமை வழிந்தது. அவரால் நிறுத்த முடியாமல் போன ஒரே வழிசல் அதுதான்.

குரு கையை நீட்டினார்.

"போனை இங்க குடுங்க. சேலம் பஸ் எட்டரைக்கு."

"தெருவே வெள்ளக்காடாயிடுங்கம்மா."

"ஆகட்டும்."

குரு சொல்லைத் தட்ட முடியாது. போனார். பேத்தி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் பாதி மனசு ஊரில் தொட்டி மேலேயே உட்கார்ந்திருந்தது. ஆளில்லாத அறையில் ஓடிய ஃபேனை நிறுத்த நாளுக்கு நாலு முறை எழுந்து போனார்.

பதினோராம் நாள் காலை ஊர் வந்து இறங்கினார். தெருவிளக்கு எரியவில்லை. பல்பு போய்விட்டதோ என்று பயந்தார். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பையோடு ஓடினார்.

சுவிட்சுப் பெட்டி முன்னால் பாப்பாத்தியும் சலூன் சென்னியப்பனும் மல்லுக்கு நின்றார்கள்.

"இன்னைக்கு வியாழக்கிழமை, என் முறை. கையை எடுங்கண்ணா."

"போன வியாழன் நீ அஞ்சு நிமிஷம் லேட்டு. தண்ணி என் சலூனுக்குள்ள வந்துடுச்சு. நானே நிறுத்திக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொட்டி நிறையவும், பாப்பாத்தி அவர் கையைத் தட்டிவிட்டு மோட்டாரை நிறுத்தினாள். ஒரு சொட்டு வழியவில்லை. அப்புறம்தான் மாசிலாமணியைப் பார்த்தாள்.

"வாங்கய்யா. பேத்தி யாரு சாயலுங்க?"

விளக்கைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நேராக மடத்துக்குப் போனார்.

"அம்மா, இவங்களுக்கு என்ன உபதேசம் பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. மொத நாள் உங்க போன் முப்பத்தாறு தடவை அடிச்சுது. நான் எடுக்கலை."

"அப்புறம்?"

"ரெண்டாம் நாள் மத்தியானம் வரைக்கும் வெளக்கு எரிஞ்சுது. தெருவெல்லாம் தண்ணி. பதினோரு தடவை அடிச்சுது. மூணாம் நாள் ஒரே தடவை. அதுக்கப்புறம் அடிக்கவே இல்லை."

குரு போனைத் திருப்பிக் கொடுத்தார். மாசிலாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு நிறைந்திருந்தது. ஓர் ஓரத்தில் கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

"அப்போ இனிமே எனக்கு இங்க வேலையே இல்லைங்களாம்மா?"

"ஏன் இல்லாம? ஞாயித்துக்கெழமை உங்க முறை. லேட்டா வந்துடாதீங்க, சென்னியப்பன் சண்டைக்கு வருவாரு."