மொட்டைமாடிப் பாட்டும் புதுக் கேமராவும்

கோவில்பட்டியில் பிரகாசி டீச்சர் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேருக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுப்பார். அவர்களில் ஒருவர் பெயிண்ட் கடை ஐயம்பெருமாள். டீச்சரைவிட வயதில் மூத்தவர். கேள்வி கேட்பதில் மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், புதுசா ஒரு மிரர்லெஸ் கேமரா வந்திருக்கு. இப்பவே வாங்கிரலாமா, கொஞ்ச நாள் பொறுக்கலாமா?"

"ஏன் அண்ணாச்சி பொறுக்கணும்?"

"விலை இறங்கும். குறை ஏதும் இருந்தா, முதல்ல வாங்கினவன் மூலமா தெரிஞ்சிரும்."

"அப்ப பொறுங்க."

"பொறுக்க முடியலையே."

"ஏன்?"

ஐயம்பெருமாள் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுல சொர்ணம், கல்யாண ஆல்பத்துல இருந்து ஆதார் கார்டு வரைக்கும் விறைச்சுப்போய்த்தான் நிக்கா. ஆனா சாயங்காலம் மொட்டைமாடியில துணி எடுக்கும்போது பாடுவா டீச்சர். அப்ப முகமே வேற. அந்த முகம் ஒரு படத்துல வேணும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம். இந்தப் பழைய கேமராவுல பட்டனை அமுக்கினா, உள்ள இருக்க கண்ணாடி 'டக்'குன்னு அடிக்கும். உடனே பாட்டு நின்னுரும்."

"தூர நின்னு எடுங்க."

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு எடுத்தேன். கேட்டிருச்சு. துண்டைச் சுத்தி எடுத்தேன். 'கேமராவுக்குக் குளிருதாக்கும்'னு சொல்லிட்டுக் கீழ இறங்கிட்டா."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

"புதுசுல கண்ணாடியே கிடையாது, சத்தமும் கிடையாது டீச்சர்" என்றார் ஐயம்பெருமாள் ஏக்கத்தோடு.

"சரி. அவங்க என்ன பாட்டுப் பாடுதாங்க?"

ஐயம்பெருமாள் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"தொட்டி வரைக்கும் ராகம்தான் வரும். வார்த்தை கேக்காது."

டீச்சர் கையை நீட்டினார்.

"கேமராவை இங்க வச்சிட்டுப் போங்க. அடுத்த வாரம் பாட்டைச் சொல்லுங்க. நான் பதில் சொல்லுதேன்."

மனசே இல்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"என்ன பாட்டு அண்ணாச்சி?"

"வெறுங்கையோட போய், பக்கத்துல நின்னு துணி மடிச்சேன் டீச்சர். முதல்ல வாயே திறக்கல. பிறகு பழகிருச்சு போல, பாடிட்டா. அவளே கட்டின பாட்டு. முழுக்க என்னைப் பத்தித்தான்."

"புகழ்ந்துதானா?"

"கிழிச்சு! ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டதுக்குப் பாட்டுல ஒரு அடி. மச்சினன் கல்யாணத்துல குறட்டை விட்டதுக்கு ஒரு அடி. சத்தத்துக்குப் பயந்து நிறுத்தல டீச்சர். என் காதுல விழுந்திருமேன்னு நிறுத்தியிருக்கா!"

திட்டு வாங்கிய மனிதர் மாதிரியே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

"படம்?"

"நான் சிரிச்ச சிரிப்புல கேமரா இருந்தாலும் ஆடித்தான் போயிருக்கும். அவளே சொல்லிட்டா, பழைய கேமராவையே திருப்பி வாங்கிட்டு வாங்க, அந்த 'டக்'கு தாளத்துக்கு ஆகும்னு."

டீச்சர் பழைய கேமராவை எடுத்துக் கொடுத்தார். கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"டீச்சர், பதில் சொல்லலையே. புதுசை இப்ப வாங்கலாமா, பொறுக்கலாமா?"

"அதுக்கும் இந்நேரம் ஒரு அடி கட்டியிருப்பாங்க அண்ணாச்சி. போய்க் கேளுங்க."