இடப்பக்கத்து பிரேக்

"என் பேத்தியை என் கார்லயே ஏத்த மாட்டேங்கிறா என் பொண்ணு. நீங்கதான் மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லணும்."

சொன்னவர் அருளானந்தம், ஓய்வு பெற்ற தாசில்தார். கேட்டுக்கொண்டிருந்தவள் பவளக்கொடி. வயது முப்பத்திரண்டு. திண்டுக்கல்லில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அரசாங்க ஜீப்பும் டிரைவரும் கைவிட்டுப் போன பிறகு, அறுபது வயதில் அவர் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றது அவளிடம்தான்.

"என்னாச்சு சார்?"

"ஒண்ணுமே ஆகல. அதான் விஷயம். பேத்தியை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன். போன்ல ஒரு மெசேஜ். ஒரே ஒரு செகண்ட் குனிஞ்சேன். குறுக்க பால்காரர். புதுக் கார் தானா பிரேக் போட்டு நின்னுடுச்சு மாஸ்டர்! சைக்கிளுக்கு ஒரு அடி முன்னால!"

"சரி."

"கேமரா இருக்கு, ரேடார் இருக்கு. கோட்டைத் தாண்டினா அதுவே திருப்பி விடும். மனுஷன் அசந்தாலும் அது அசராது. நான் முறைச்சுப் பாத்துக்கிட்டே ஓட்டி என்ன ஆகப்போகுது?"

போன வாரம் இதே கதையை மகள் வீட்டிலும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மகள் ஜெசிந்தா மறுநாளே பிள்ளைக்கு ஆட்டோ ஏற்பாடு செய்துவிட்டாள். மாஸ்டர் சரி என்றால்தான் இனி தாத்தாவோடு பயணம் என்றும் சொல்லிவிட்டாள். ஊருக்கெல்லாம் சான்றிதழ் கொடுத்த மனிதர், ஒரு சான்றிதழ் கேட்டு வந்து நிற்கிறார்.

காலையில் ஆட்டோவிலிருந்து குழந்தை கையசைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதை மாஸ்டரிடம் சொல்லவில்லை.

பவளக்கொடி ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள்.

"நம்ம ஸ்கூல் வண்டியிலயே போவோம் சார். சிறுமலை வரைக்கும்."

அவர் பழகிய அதே பழைய கார். ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், இடப்பக்கம் மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக். பழகிய நாட்களில் திண்டுக்கல் ஆடு மாடுகள் பலவற்றைக் காப்பாற்றியது அந்த இரண்டாவது பிரேக்தான்.

மலை ஏறினார்கள்.

புதுக் காரின் புகழ் மூன்றாவது வளைவு வரை ஓடியது. ஐந்தாவது வளைவில் குரங்குகளை வேடிக்கை பார்த்தார். அப்புறம் போன் அடித்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்து, யாரென்று பார்த்து, முன்னால் வைத்தார்.

பவளக்கொடி அந்தப் போனைப் பார்த்தாள்.

ஏழாவது வளைவு தாண்டியதும், சாலையோரம் ஓர் அம்மாள் பலாப்பழம் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பழம் உருண்டு சாலைக்கு வந்தது. அவளும் அதன் பின்னாலேயே வந்தாள்.

அருளானந்தம் பார்த்தார். அவர் கால் அவசரப்படவில்லை. மாஸ்டர் மிதித்துவிடுவார்.

வண்டி நிற்கவில்லை.

பிறகு ஹேண்ட்பிரேக் இழுபட்டது. டயர் கிறீச்சிட, வண்டி குலுங்கி நின்றது. பழத்துக்கும் அம்மாளுக்கும் ஒரு முழம் முன்னால்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று பிடித்துக்கொண்டாள் பழக்கார அம்மாள்.

 அருளானந்தத்தின் பயமெல்லாம் கோபமாக வெளியே வந்தது.

"மாஸ்டர்! பிரேக்கை ஏன் மிதிக்கல?"

கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பவளக்கொடியின் ஒரு கை ஹேண்ட்பிரேக்கில் இருந்தது. இடப்பக்கத்து பிரேக்கின் அடியில் இரண்டு செருப்புகள் மட்டும் கிடந்தன. அவள் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலை எப்ப எடுத்தீங்க?"

"நீங்கதான் சார் சொல்லணும்."

அவருக்குத் தெரியவில்லை. குரங்குகளைப் பார்த்தபோதா? போன் வந்தபோதா? அடிவாரத்திலேயே எடுத்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

இறங்கிப் போய்ப் பழத்தைத் தூக்கி அந்த அம்மாளிடம் கொடுத்தார். "தப்பு என் மேலதாம்மா" என்றார். அகலமான இடமாகப் பார்த்து வண்டியைத் திருப்பினார்.

மலை இறங்கினார்கள். வளைவுக்கு அப்பால் ஹார்ன் கேட்டு ஒதுங்கினார். கன்றுக்குட்டி ஒன்று வாலைத் தூக்கியதுமே வேகத்தைக் குறைத்தார். மாஸ்டரின் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

முன்னால் வைத்திருந்த போன் அடித்தது. திரையில் ஜெசிந்தாவின் பெயர். ஒரு வாரமாக அவர் காத்துக் கிடந்த அழைப்பு.

அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பவளக்கொடி எடுத்தாள்.

"அப்பா! மாஸ்டர் என்னதான் சொல்றாங்க?"

"மாஸ்டர்தான்மா பேசறேன்" என்றாள் பவளக்கொடி. "அப்பா வண்டி ஓட்டிட்டிருக்கார்."