ஒரே கேள்விக்குப் பதினோரு ஓலை

வெகுகாலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டை மணிமுடிமாறன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாகக் காதில் ஓதினவன் சொன்னதுதான் அன்றைய சட்டம்.

அவர் செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டென்றால் அது ஓலை ஓட்டம். தலைநகரிலிருந்து முத்துத்துறைத் துறைமுகம் வரைக்கும் காதத்துக்கு ஓர் ஆளாக ஓட்டக்காரர்களை நிறுத்தியிருந்தார். காலையில் கொடுத்த ஓலை மாலையில் அங்கே இருக்கும். இதற்கு அதிகாரி வல்லபராயர். அமைச்சர் சோலையப்பரைக் கண்டாலே ராயருக்கு வயிறு எரியும். கஜானாவை நிரப்பி அவரைவிட நல்ல பெயர் வாங்கியே தீருவதென்று ஒரு சட்டம் போட்டார்: போகிற ஓலைக்கும் ஒரு பணம், வருகிற ஓலைக்கும் ஒரு பணம். எழுதுகிற எழுத்தருக்கு ஓலைக்கு ஒரு காசு.

கேட்க வேண்டுமா! எதைக் கேட்டாலும் எழுத்தர்கள் திருப்பி ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் ஓர் ஓலைக்கு ஒரு கேள்விதான்.

ஊரில் மாடத்தி என்று ஒருத்தி, எருமை வைத்து மோர் விற்கிறவள். அவள் புருஷன் சுடலை தோணியில் போய் எட்டு மாசம் ஆகியிருந்தது. "என் புருஷன் சுடலை கரை சேர்ந்தாரா?" என்று ஓலை விட்டாள். "எந்தத் தோணி?" என்று வந்தது. எழுதினாள். "ஆள் பெயர் என்ன?" என்று வந்தது. முதல் ஓலையிலேயே இருக்கிறதே, பாவிகளா! அப்புறம் எந்த ஊர், எவ்வளவு உயரம், நெற்றியில் தழும்பு உண்டா என்று ஒவ்வொன்றாக வந்தது. பதினோரு நாளில் போக வரப் பதினோரு ஓலை ஆயிற்று. பதில் மட்டும் வரவில்லை. ராயரின் ஆட்கள் வந்து பதினோரு பணம் கேட்டார்கள். அவளிடம் இருந்தது ஒன்று. எருமையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மாடத்தி நேரே அரசவைக்கு வந்துவிட்டாள்.

"மகராசா, எருமை போனா எங்க அடுப்பு எரியாது. அதுகூடப் போகட்டும். அவரு இருக்காரா இல்லையான்னாவது யாராச்சும் சொல்லுங்க சாமி!"

ராயர் முன்னால் வந்தார். "அரசே, ஓட்டம் பதினொன்று. ஓடினதற்குத்தானே கேட்கிறோம்?"

"அதுவும் நியாயந்தானே," என்றார் ராஜா.

சோலையப்பர் வாதாடவில்லை. "வெயில் கடுமை, அரசே. ஒரு குவளை மோர் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்களேன்," என்றார்.

"ஆகட்டும். மோர் கொண்டு வா!"

அமைச்சர் சேவகன் காதில் ஏதோ சொன்னார். அவன் ராஜா மோர் கேட்டதற்கென்று தூணில் கரியால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கேட்டான், "மகாராஜா, எருமை மோரா, பசு மோரா?"

"எருமை." கேள்விக்கு ஒரு கோடு, பதிலுக்கு ஒரு கோடு.

"வெள்ளிக் குவளையா, மண் குவளையா?"

"வெள்ளி."

"உப்புப் போடலாமா?"

"போடு."

"கறிவேப்பிலை கிள்ளியா, முழுசாகவா?"

"கிள்ளித்தான் போடேன்!"

"குடிக்கப்போவது தாங்கள்தானே, பிரபு?"

"பின்னே உன் பாட்டனா!" ராஜா எழுந்தே விட்டார்.

சோலையப்பர் தூணைப் பார்த்து எண்ணினார். "பதினோரு கோடு. பதினோரு குவளை மோருக்கு விலை ஆகிறது, அரசே."

"என்ன அநியாயம் இது! நான் கேட்டது ஒரே குவளை. அதுவும் இன்னும் கைக்கு வரவில்லை..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். மாடத்தியைப் பார்த்தார். "உனக்கும் இப்படித்தான் ஆயிற்றா, அம்மா?"

"ஆமா சாமி. எனக்குத் தொண்டை வறண்டு பதினோரு நாளாச்சு."

"இனிமேல் ஓலைக்கு அல்ல, காரியத்துக்குத்தான் ஒரு பணம்," என்றார் ராஜா. ராயர் விடவில்லை. "காரியத்துக்கு ஒரு பணம் என்றால் எப்படி அளப்பது? தினம் ஆயிரம் ஓலை கலந்து ஓடுகிறது. எது எந்தக் காரியம் என்று பார்க்க எல்லாவற்றையும் பிரித்துப் படிக்கவேண்டும். அரசரின் ஓலை உட்பட!"

ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. மாமியாருக்கு அவர் எழுதுகிற சாக்குப்போக்கெல்லாம் அந்த ஓட்டத்தில்தான் போகிறது.

"படிக்கவே வேண்டாம்," என்றார் சோலையப்பர். "காரியத்துக்கு ஒரு வண்ண நூல். பாதி கேட்டவரிடம் இருக்கட்டும். அந்தக் காரியமாகப் போகிற, வருகிற ஓலைக்கெல்லாம் மீதி நூலைக் கட்டுவோம். கேட்டவர் பதில் கிடைத்ததென்று தன் பாதியைத் திருப்பித் தரும்போது ஒரு பணம். எழுத்தருக்கும் அப்போதுதான் காசு. திருப்பித் தராதவருக்கு அடுத்த நூல் கிடையாது. ராயரின் மைத்துனர் ஒரே ஓலையில் இருபது வியாபாரம் பேசி ஒரு பணம் கட்டுகிறாரே, அவருக்கு இனி இருபது நூல்."

ராயரின் முகம் செத்துப்போயிற்று.

"முதல் நூல் மாடத்திக்கு," என்றார் ராஜா. "எருமையை இப்போதே அவளிடம் கொடுத்துவிடுங்கள். அவள் ஓலைக்கு ஓட்டக்காரர் யாரும் வேண்டாம். ராயரே, நீரே ஓடும்!"

தொந்தியைப் பிடித்துக்கொண்டு ராயர் ஓடினார். வழிநெடுக ஊரே நின்று சிரித்தது.

ஐந்தாம் நாள் அரண்மனை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ராயர் காலெல்லாம் கொப்புளமாக முன்னால் நடந்து வந்தார். வண்டிக்குள் சுடலை, ஒரு காலில் கட்டோடு. மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"கரைசேர்ந்து இருபது நாள் ஆகிறது, அரசே," என்றார் ராயர். "காலொடிந்து சத்திரத்தில் கிடந்திருக்கிறான். இவனும் 'என் பெண்டாட்டி மாடத்தி சௌக்கியமா?' என்று ஓலை விட்டிருக்கிறான். 'எந்த மாடத்தி?' என்று கேட்டது என் கச்சேரி எழுத்தர்கள்தான். இரண்டு பேர் ஓலையும் ஒரே பெட்டியில் கிடந்தன. ஒன்றுக்கு மற்றது பதில் என்று யாரும் பார்க்கவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தோம்."

மாடத்தி முந்தானையில் முடிந்திருந்த நூலை அவிழ்த்தாள். கூடவே அந்த ஒரு பணத்தையும் எடுத்து ராஜாவின் கையில் வைத்தாள். அப்புறம் தன் கலயத்திலிருந்து ஒரு குவளை மோர் ஊற்றி, ஒரு வார்த்தை கேட்காமல் நீட்டினாள்.

ராஜா ஒரு மடக்குக் குடித்தார். உப்புக் கம்மி. சொல்ல வாயெடுத்தவர், கரித்துண்டோடு தூணருகே நின்ற சேவகனைப் பார்த்துவிட்டு, மீதியையும் சத்தமில்லாமல் குடித்து முடித்தார்.