குக்கர் சொன்ன புத்தி

ஒரு மாடிவீட்டில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. வால் சுருண்டிருந்ததால் ஜாங்கிரி என்று பெயர். மற்றபடி வர்ணிக்க ஒன்றுமில்லை. நாய்க்குட்டி நாய்க்குட்டி மாதிரிதான் இருக்கும்.

வீட்டில் இரண்டு பேர். பலவேசம் சிமென்ட் கடையில் வேலை பார்த்தான். அவன் மனைவி பூரணம் வீட்டிலேயே தையல். ஆசைப்பட்டுத்தான் குட்டியை வாங்கி வந்தார்கள். ஆசை ஒரு வாரம் இருந்தது. அப்புறம் அவன் செல்போனைப் பார்த்தான், அவள் தையல் மிஷினைப் பார்த்தாள்.

குட்டி அடுப்படிக்குப் போய் நின்றது. அடுப்பின் மேல் குக்கர் உட்கார்ந்திருந்தது.

"என்னடே, மூஞ்சி தொங்குது?" என்றது குக்கர்.

"யாரும் என்னைப் பாக்க மாட்டேங்கிறாங்க."

"சத்தம் போட்டியா?"

"இல்லை."

"பின்னே எப்படிப் பாப்பாங்க? என்னைப் பாரு. மூணு விசில். அந்த அம்மா போட்டது போட்டபடி ஓடி வரும். இந்த வீட்டுல கத்துறவனுக்குத்தான் மரியாதை. சும்மா இருந்தா அந்தச் சாக்கு மாதிரி மூலையில கிடக்க வேண்டியதுதான்."

அந்தச் சாக்கு, குட்டி படுப்பதற்காகப் போட்டது.

குட்டிக்கு விசில் அடிக்க வராது. யோசித்தது. வாசலுக்குப் போய், பலவேசத்தின் இடது செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடி வந்தது.

வீடு எழுந்துவிட்டது.

"ஏ ஜாங்கிரி! விடு! ஏங்க, பிடிங்க அதை!"

பலவேசம் போனைப் போட்டுவிட்டு ஓடினான். கட்டிலைச் சுற்றி ஓடினான். மிஷினைச் சுற்றி ஓடினான். பூரணம் துடைப்பத்தோடு குறுக்கே வந்தாள். இரண்டு பேரும் தன் பேரைச் சொல்லிக்கொண்டு தன் பின்னால் வருகிறார்கள். குட்டிக்கு வேறென்ன வேண்டும்?

"சொன்னேம்லா?" என்றது குக்கர்.

அன்றிலிருந்து அதுவே வழக்கம்.

"ஏலே, உனக்குப் பசியா?" என்று ஒருநாள் கேட்டது இடது செருப்பு.

"இல்லை."

"பின்னே ஏம்லே என்னை மெல்லுத?"

"உன்னை மென்னாத்தான் அவரு ஓடி வாராரு."

"அவரு வரணும்னா அவரை மெல்லு."

வலது செருப்புக்கு வேறு வருத்தம். "உன்னையாவது மெல்லுது. என்னை ஒரு நாய்கூட சீந்தலை" என்றது.

செருப்பு சலித்தால் குட்டி குரைத்தது. பலவேசம் போனில் இருக்கும்போது குரைத்தது. "சும்மா கிட, சனியனே!" என்று அதட்டல் வரும். அதட்டலும் பேச்சுதானே. குட்டி வாங்கி வைத்துக்கொண்டது.

கீழ்வீட்டு ஓனர் மேலே ஏறி வந்தார். "தம்பி, ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நீங்க இருங்க. ரெண்டும் ஆகாது" என்றார். இறங்கிப் போனார்.

"ஞாயித்துக்கிழமை கொடுத்துருவோம்" என்றான் பலவேசம். "செங்கல் சூளை வைகுண்டம் ஒரு நாய் கேட்டாரு. சங்கிலியில கட்டிப் போடுவாரு. ஆயுசுக்கும் அங்கேயே குரைச்சுக்கிட்டுக் கிடக்கட்டும்."

பூரணத்துக்கு மனசில்லை. ஆனால் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? குக்கர் கேஸ்கட் தளர்ந்துவிட்டது, வரும்போது ஒன்று வாங்கி வாருங்கள் என்று வாரம் முழுக்கச் சொல்கிறாள். அவனும் தினமும் "ம்" என்கிறான்.

சாக்கு அன்றைக்குத்தான் வாயைத் திறந்தது. "குட்டி, நீ என் மேல அமைதியாப் படுத்திருக்கையில அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டிருக்கியா?"

"என்ன சொல்றாங்க?"

"'நல்ல வேளை, அடங்கிக் கிடக்கு, கிட்டப் போகாதீங்க'ன்னு சொல்றாங்க. உன்னைச் சுத்தி எட்டி நடப்பாங்க."

"அப்ப நல்ல பிள்ளையா இருந்தா, நான் இங்க இல்லாத மாதிரிதான்."



சனிக்கிழமை மத்தியானம் கேஸ்கட் முழுசாகப் போனது. ஆவி பக்கவாட்டில் கசிந்தது. குக்கர் முக்கிப் பார்த்தது, முனகிப் பார்த்தது. விசில் வரவில்லை. யாரும் ஓடி வரவுமில்லை. பருப்பு தீய்ந்து வாடை கிளம்பிய பிறகுதான் பூரணம் வந்தாள். அடுப்பை அணைத்தாள். அலுத்துப்போய்த் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது சாக்கின் ஓரம்.

குட்டி அதில் படுத்திருந்தது. கத்தாமலே ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது அதற்குப் புதிது. அசையவில்லை.

பூரணம் அதன் தலையில் கை வைத்தாள். "நீயாவது செருப்பைக் கடிக்கே. நான் எதைக் கடிக்க?" என்றாள்.

சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. குட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"அடப் பாவிப் பயலே. ஆள் பக்கத்துல வரணும்னுதானா கடிச்சே?"

சாயங்காலம் பலவேசம் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். குட்டி செருப்பைக் கவ்வியது. அவன் எழுந்தான்.

"உக்காருங்க" என்றாள் பூரணம்.

"ஏய், செருப்பு..."

"போகட்டும். உக்காருங்க. சுவத்தைப் பாருங்க."

"சுவத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை. அதான் பாக்கச் சொல்லுதேன்."

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். குட்டி கட்டிலைச் சுற்றி ஓடியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆள் இல்லை. போய் வலது செருப்பையும் தூக்கி வந்தது. "வந்துட்டியா ராசா!" என்றது வலது. குட்டி குரைத்தது. இன்னும் பலமாகக் குரைத்தது. பலவேசம் வாயைத் திறந்தான். பூரணம் தொடையில் கிள்ளினாள்.

குட்டி அடுப்படிக்கு ஓடியது. குக்கர் அடி கறுத்து, புளித்தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"பலிக்கலையே!"

"இன்னும் கத்து."

"நீ கத்தலையா மத்தியானம்?"

குக்கர் புளித்தண்ணீரைப் பார்த்துக்கொண்டது.

குட்டி செருப்புப் பக்கம் போகவில்லை. சாக்கில் போய்ப் படுத்தது. வாய் மூடிய அந்த நிமிஷமே பூரணம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஜாங்கிரி" என்றாள், மெதுவாக. கத்தாமல் அந்தப் பேரைச் சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வைகுண்டம் சங்கிலியோடு வந்தார். செருப்பை வாசலில் விட்டார். புதுச் செருப்பு, தோல் செருப்பு. குட்டி அதைப் பார்த்தது. எழுந்தது. ஒரு கால் எடுத்து வைத்தது.

பூரணம் "ஏய்" என்று அதட்டவில்லை. அது திரும்பிப் பார்த்த நேரம், "ஜாங்கிரி" என்று மெதுவாகச் சொல்லிச் சாக்கில் உட்கார்ந்தாள்.

குட்டி செருப்பைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. திரும்பி வந்து படுத்தது.

வைகுண்டம் காத்திருந்தார். கைதட்டினார். சங்கிலியை ஆட்டினார். சத்தமே இல்லை.

"என்ன வே, ஊரைக் கூட்டும்னீரு? இது சாமியார் மாதிரிக் கிடக்கு. குரைக்காத நாயை வச்சு நான் என்ன செய்ய?"

சங்கிலியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று வீடு அமைதியாக இருந்தது. பூரணம் சாக்கை விட்டு எழுந்திருக்கவில்லை. மிஷின் ஓடவில்லை, பாத்திரம் உருளவில்லை. பலவேசத்துக்கு அது உறுத்தியது. போனை வைத்தான். வந்து சாக்கின் மிச்ச இடத்தில் ஒண்டி உட்கார்ந்தான்.

"என்ன, சத்தத்தையே காணோம்? ஏதும் வாங்கணுமா?"

"குக்கருக்கு கேஸ்கட்."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

பூரணம் வாசலில் கிடந்த இடது செருப்பைப் பார்த்தாள்.

இவளும் கடிப்பாளோ என்று செருப்பு பயந்துவிட்டது.