கசந்த கம்பு மாவு

சீடர் மாசிலாமணி குரு அம்மாவைவிட வயதில் பெரியவர். மனைவி இறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு மலையடி ஆசிரமத்துக்கு வந்தவர். அங்கே அவரவர் குடிலில் அவரவர் சமையல். யாரும் அவரோடு பேசுவதில்லை; அவரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

ஒருநாள் குருவிடம் வந்து காவி கேட்டார்.

"காவி கட்டினால் என்ன ஆகும்?"

"அவள் நினைப்பு போய்விடும், அம்மா. முன்பெல்லாம் இனித்தது. இப்போது கசக்கிறது. அடியோடு பிடுங்கி எறிந்துவிடுங்கள்."

குரு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடியோடு பிடுங்கி எறிந்துவிடுங்கள்," என்றார். அச்சு அசல் மாசிலாமணியின் குரல். மாசிலாமணி சிரிக்கவில்லை. குரு, பசிக்கிறது என்று சொல்லி மாசிலாமணியின் குடிலுக்கு நடந்தார்.

கம்பங்களி வந்தது. ஒரு வாய் வைத்ததும் கசப்பில் குருவின் முகம் கோணியது. மாவு எப்போது அரைத்தது என்று கேட்டார். தினமும் திருகை முன்னால் உட்காரப் பிடிக்கவில்லை, மாசத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் அரைத்துவிட்டேன் என்றார் அவர்.

குரு களஞ்சியத்திலிருந்து தீட்டிய பச்சரிசி கொண்டுவரச் சொன்னார். போன வருஷத்து அரிசி. மாசிலாமணி முகர்ந்து பார்த்தார். எந்த வாடையும் இல்லை.

"என் மனசு இப்படி ஆகணும், அம்மா."

அதையும் மூட்டையிலுள்ள கம்பையும் இரண்டு சட்டியில் விதைத்துத் தண்ணீர் விடச் சொல்லிவிட்டு குரு போய்விட்டார்.

நாலு நாள் கழித்து குரு திரும்பி வந்தார். கம்பு முளைத்திருந்தது. அரிசி ஊறி, நொதித்து, நாறியது.

"தீட்டும்போது தவிட்டோடு முளைக்கும் கருவும் போய்விடுகிறது," என்றார் குரு. "எண்ணெய் இருப்பது அதிலேதான். அரைத்து வைத்த மாவில் நாள்பட்டுக் கசந்ததும் அந்த எண்ணெய்தான்."

"அப்போ நான் கசந்துகொண்டே கிடக்கணுமா?"

"மூட்டையில் மிச்சமிருக்கும் கம்பு கசக்கிறதா?"

மாசிலாமணி நாலு மணியை வாயில் போட்டு மென்றார். கசக்கவில்லை.

"அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு அரையுங்கள்."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு திருகை முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அவள் எதிரே உட்கார்ந்து கூடச் சேர்ந்து சுற்றுவாள், அம்மா. இப்போது கண்ணைத் தூக்கினால் சுவர்தான் தெரிகிறது."

குரு திருகைக்கு மறுபக்கம், சுவரை மறைத்து உட்கார்ந்து கைப்பிடியைப் பற்றினார்.

"சுற்றுங்கள். அவர் பெயர் என்ன?"