நரி அளந்த குட்டை

அல்லிக்குட்டையின் கரையில் வளையம்மா என்றொரு நண்டு குடியிருந்தாள். குட்டையைச் சுற்றியிருந்த காடு யாருக்கும் சொந்தமில்லை. அதனாலேயே எல்லோருக்கும் சொந்தம். மான் மேய்ந்தது, ஆமை முட்டையிட்டது, கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

அந்தக் குட்டை நண்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோடை தொடங்கியதும் தண்ணீர் தட்டும்வரை கரையில் வளை தோண்டும். எத்தனை கால் நீளம் தோண்டியதும் தண்ணீர் தட்டியது என்பதை ஒவ்வொரு தாய் நண்டும் தன் மகளிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடும். வளையம்மாவின் தாய் சொன்ன கணக்கு மூன்று கால். அவளுக்கு முந்தைய ஏழு தலைமுறைக்கும் அதே மூன்று கால்தான்.

போன வருஷம்தான் வினை வந்தது. மண்கொம்பன் என்ற காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு வந்து, பொதுக்காட்டில் பன்னிரண்டு குழி தோண்டினான். மண்ணுக்கு அடியில் வெதுவெதுப்பான வாயு இருந்தது. அது மேலே வரவேண்டுமானால் முதலில் அடித்தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பன்றிகள் அதைச் சரிவில் திறந்துவிட்டன. தண்ணீர் பாறையில் ஓடி வீணாய்ப் போனது. மார்கழிக் குளிரில் சிறுத்தை ராஜா குழியோரம் படுத்துக் குளிர்காய்ந்தார். அவருக்குப் பரம சுகம். அந்தக் கோடையில் வளையம்மா ஏழு கால் தோண்டிய பிறகுதான் தண்ணீர் தட்டியது.

இந்த வருஷம் மண்கொம்பன் இருநூறு குழி கேட்டான்.

காட்டில் இதற்கொரு சட்டம் இருந்தது. பொதுக்காட்டைத் தோண்டும் முன், அதனால் யாருக்கு என்ன கேடு என்று ஆராய வேண்டும். ஆராய்ந்ததை எல்லோர் முன்பும் சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்வதையும் கேட்க வேண்டும். நல்ல சட்டம்தான். எழுதியவர் முட்டாள் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஆராயும் வேலையை ராஜா நரியிடம் கொடுத்தார். முந்தின நாள்வரை பன்றிகள் போட்ட கிழங்கைத் தின்று வயிறு வளர்த்த நரி அது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாயிற்று.

நரி ஐப்பசி மாதம் குட்டைக்கு வந்தது. மூன்று நாள் அடைமழை. குட்டை கரை தளும்பி நின்றது. நரி ஒரு தேக்கிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, ஒரு குச்சியைத் தண்ணீரில் விட்டு எடுத்தது. ‘குட்டை நிறைந்திருக்கிறது’ என்று ஓலையில் கீறியது. ஆராய்ச்சி முடிந்தது.

வளையம்மா வளைக்குள்ளிருந்து பதறிக்கொண்டு வெளியே வந்தாள். மழையில் எந்தக் குட்டைதான் நிறையாது, சித்திரையில் வந்து அளந்து பாருங்கள் என்றாள்.

“சித்திரை ரொம்பத் தூரம் இருக்கு, நண்டம்மா. ராஜாவுக்கு மார்கழியிலயே குளிருதே” என்று சொல்லிவிட்டு நரி போய்விட்டது.

அடுத்தது கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கே வைத்தார்கள் தெரியுமா? மொட்டைப்பாறை உச்சியில், உச்சி வெயிலில்! குட்டைக்கு நேரும் கேட்டைப் பற்றிய கூட்டத்துக்குக் குட்டையில் வாழ்பவர்களில் யாரும் வரமுடியாத இடம். மீன்களுக்கும் முறைப்படி அழைப்பு போயிருந்தது. தவளைகள் பாதி வழியில் தோல் காய்ந்து திரும்பின. ஆமை அழைப்பு வந்த அன்றே புறப்பட்டது. கூட்டம் முடிந்து இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தது.

வளையம்மா மட்டும் விடவில்லை. அவள் வயிற்று மடிப்புக்குள் நாற்பத்து மூன்று குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஈரம் இல்லாமல் அவை ஒரு பகல்கூடத் தாங்காது. அவள் ஈரப்பாசியை வாரி வயிற்றோடு அணைத்துக்கொண்டு விடியலிலேயே ஏறத் தொடங்கினாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே எண்ணம்: இருநூறு குழி வந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த கோடை இல்லை.

உச்சிக்குப் போனால், முன்வரிசை முழுக்கப் பன்றிகள். மண்கொம்பனின் மாமன், மச்சான், சம்பந்தி எல்லோரும் ஆளுக்கொரு கிழங்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நரி முன்னூறு ஓலைக் கட்டை அவிழ்த்து வாசித்தது. முதல் குழியால் குட்டையில் ஒரு வாய்த் தண்ணீர் குறையும், கேடில்லை. இரண்டாம் குழியால் ஒரு வாய்த் தண்ணீர் குறையும், கேடில்லை. மூன்றாம் குழிக்கும் அதேதான். இருநூறாவது குழிக்கு வருவதற்குள் பாதிக் கூட்டம் குறட்டை விட்டது.

வளையம்மா கொடுக்கைத் தூக்கினாள். “நரியாரே, எல்லாக் குழியையும் சேத்துப் பாத்தா எவ்வளவு குறையும்?”

“சேத்துப் பாக்கச் சட்டத்துல இடமில்லைம்மா. குழியை ஆராயணும்னுதான் இருக்கு. ஒவ்வொரு குழியையும் ஆராய்ஞ்சாச்சு.”

“பன்னெண்டு குழிக்கே மூணு கால் ஏழு காலாச்சு. என் வளையில வந்து பாருங்க. ஏழு தலைமுறையா அளந்து வச்ச கணக்கு எங்ககிட்ட இருக்கு.”

நரி சிரித்தது. நண்டுக்கால் ஒரு அளவுகோலா என்று கேட்டது. அதோடு நிற்கவில்லை. நண்டு தண்ணீரில் குடியிருப்பவள், ஆகவே தண்ணீரைப் பற்றி அவள் சொல்வது சுயநலம், அதை ஆதாரமாக எடுக்க முடியாது என்றது. பன்றிகள் தரையைத் தட்டி ஆரவாரம் செய்தன. கிழங்கு தின்ற வாய் தீர்ப்புச் சொல்லலாமாம். தண்ணீர் குடிக்கும் வாய் பேசக்கூடாதாம்!

வளையம்மா கோபத்தோடு பக்கவாட்டில் விறுவிறுவென்று ஓடி, கட்டின் கடைசி ஓலைமேல் ஏறினாள். அதில் சிறுத்தை ராஜாவின் பாதம் பதிந்திருந்தது. அனுமதி முத்திரை. சேற்றில் தோய்த்துப் பதித்த முத்திரை அது. சேறு நன்றாகக் காய்ந்து, வெடித்து, விளிம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. சேற்றைப் பற்றி நண்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

“ராஜா, இந்தச் சேறு காஞ்சு மூணு நாளாச்சு. கூட்டம் இன்னைக்குத்தானே? எங்களைக் கேக்குறதுக்கு முன்னாடியே கையை வச்சிட்டீங்களா?”

ராஜா மீசையை நக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அவருக்கு அப்போதே குளிர ஆரம்பித்துவிட்டதோ என்னவோ. நரிதான் பதில் சொன்னது.

“நண்டம்மாவின் ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது. கூட்டம் கலையலாம்.”

அவ்வளவுதான். மார்கழிக்குள் இருநூறு குழியும் தோண்டி முடிந்தது. ராஜா ஒரு குழிவிட்டு ஒரு குழி மாறி மாறிப் படுத்துக் குளிர்காய்ந்தார். நரிக்கு ஒரு தனிக்குழியே கிடைத்தது.

பங்குனியில் அல்லி வாடியது. சித்திரையில் குட்டை பாளம் பாளமாக வெடித்தது. வளையம்மா தோண்டினாள். ஏழு காலில் தண்ணீர் இல்லை. பன்னிரண்டு காலில் ஈரம்கூட இல்லை. கொடுக்கு முனை தேய்ந்து மழுங்கும்வரை தோண்டினாள். பதினேழாவது காலில் பாறை இடித்தது. மேலே வந்து வயிற்று மடிப்பைத் திறந்து பார்த்தாள். நாற்பத்து மூன்றில் ஒன்பதுதான் அசைந்தன. மற்றவை காய்ந்த கடுகாய் உதிர்ந்தன. அவற்றை அவள் வெடிப்புக்குள் ஒவ்வொன்றாக இட்டு மண்ணைத் தள்ளினாள்.

அப்போதுதான் சிறுத்தை ராஜா நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் மண்கொம்பன். அவனுக்குப் பின்னால் நரி, ஓலைக் கட்டோடு. குளிர் போய்விட்டது, தாகம் வந்துவிட்டது. எங்கே என் தண்ணீர் என்று ராஜா உறுமினார்.

நரி முதல் ஓலையை எடுத்து வாசித்தது. “குட்டை நிறைந்திருக்கிறது.”

ராஜா குட்டையைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் ஓலையை நக்கியும் பார்த்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

வளையம்மா வெடிப்பின் ஓரத்திலிருந்து அசையவில்லை. “தண்ணி எங்கயும் போகல ராஜா. ஒரு குழிக்கு ஒரு வாய்தான் குறைஞ்சிருக்கு. கேடில்லைன்னு நீங்களே கை வச்சீங்க. இருநூறு குழியிலயும் தனித்தனியாப் போய் நக்கிப் பாருங்க. சேத்துப் பாக்கத்தான் சட்டத்துல இடமில்லையே.”

ராஜாவின் கோபம் நரிமேல் பாய்ந்தது. நரி ஓடிய ஓட்டத்தில் முன்னூறு ஓலையும் பறந்தன. குழிகளையெல்லாம் இப்போதே மூடு என்று ராஜா கத்தினார். பன்றிகள் மூடின. ஆனால் பாறையில் ஓடிப்போன தண்ணீருக்கு ராஜாவின் கட்டளை கேட்கவில்லை. அன்று மாலையே ராஜா தண்ணீர் தேடிப் பக்கத்து மலைக்குப் போனார். அவருக்கு நாலு பாய்ச்சல் தூரம்.

வளையம்மாவுக்கு அது எத்தனை நாள் வழியோ. ஒன்பது குஞ்சுகளையும் அணைத்துக்கொண்டு அவளும் புறப்பட்டாள். குட்டையின் விளிம்பில் ஒரு கணம் நின்று, தாய் தனக்குச் சொன்னதுபோல, தன் பிள்ளைகளிடம் கணக்கைச் சொன்னாள்: “பதினேழு கால். தட்டவில்லை.”

கேடு எப்போதும் துளித்துளியாகத்தான் வரும். முடிவை முன்பே எழுதிவிட்டு, துளிகளைக் கூட்டிப் பார்க்க மறுக்கும் ஆட்சியில் முதலில் சாவது கேட்கப்படாதவர்களின் பிள்ளைகளே.